உப்புச் சப்பாத்து

மான் அவருடைய சப்பாத்து நாடாவைப் பல்லால் இழுத்து அவிழ்த்துவிட்டது.

அவர் மரத்தில் இருந்தார். சப்பாத்து காலில் இருந்தது.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அன்றும் மூன்றரைக்குத் தொலைபேசி அடித்தது.

"எழும்பியாச்சோ ஐசே?"

"படுத்தாத்தானே எழும்ப."

மணி அடித்தவர் அரியரத்தினம். ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். டொரன்டோவுக்கு வந்து முப்பது வருடமாகியும் அவருடைய மூன்றரை ஒரு விநாடி பிந்தியதில்லை.

வேட்டைக்காலம் பதினைந்து நாள். பதினைந்து விடியலும் அந்த மணி அடிக்கும்.

மற்ற நாட்களில் அந்தத் தொலைபேசியில் மருந்துக்கடைதான் பேசும். அதுவும் பதிவுசெய்த குரல்.

ஆளுக்கு ஒரு வேட்டைச் சீட்டு. சீட்டுக்கு ஒரு மான். மான் விழுந்தால் அந்த ஆளின் வேட்டை முடிந்தது. விசைவில்லை உறையில் போட்டுவிட்டு அடுத்த வருடம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இது மூன்றாம் நாள்.

ஆயத்தம் ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. வீட்டில் தாளிதம் இல்லை. மூன்று மைலுக்கு அப்பால் நிற்கும் மான் மிளகாய்த்தூளை மணந்துவிடும். எந்தக் கடையில் வாங்கியது என்றும் சொல்லும். உடுப்பைச் சவர்க்காரம் போடாமல் அலசி, பல்கனியில் காயவிட்டு, காய்ந்த இலைகளோடு பையில் கட்டினார்.

சப்பாத்துத்தான் அடங்கவில்லை. வருடக்கணக்காகக் குசினி வாசலில் கிடந்த சப்பாத்து.

மீன் சட்டியின் வெடுக்குக்கு மனைவி என்ன செய்வாளோ, அதையே செய்தார். கல்லுப்பையும் எலுமிச்சையையும் போட்டுத் தேய்த்தார்.

மணம் போய்விட்டது.

பிறகு கழுவ வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. சப்பாத்து வெள்ளையாகப் பூத்துக் காய்ந்தது.

அரியரத்தினத்தின் காரில் வடக்கே ஒன்றரை மணித்தியால ஓட்டம். ஐந்தே முக்காலுக்கு மரத்தில் இருந்தார். வெளிச்சம் வர இன்னும் முக்கால் மணித்தியாலம். வந்தவன் மனிதன் என்பதைக் காடு மறக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

ஏணியில் பதினாறு படி. அவருடைய முழங்காலுக்கு ஐந்து படி. ஐந்தாம் படி உயரத்தில் பலகையைக் கட்டி, அதில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார். பலகைக்கு மேலே பதினொரு படி சும்மா நின்றது.

ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து விட்டுப் பார்த்தார். பின்னால் போயிற்று.

காற்றுச் சரி.

ஓடைப் பக்கத்து மரத்தில் அரியரத்தினத்தின் நெற்றி விளக்கு அணைந்தது.

பிறகு ஒன்றும் தெரியவில்லை. இருநூறு காலடி தள்ளி ஒரு ஆள் மூச்சு விடுகிறான். அது போதுமாயிருந்தது.

குளிர் எலும்பைத் தட்டித் தட்டிப் பார்த்தது.

வெளிச்சம் வந்தது.

மான் வந்தது.

கொம்பில் பதினாறு கிளை.

சரி, எட்டு.

நேரே வந்து அவருடைய காலடியில் நின்றது. மோந்தது. நக்கத் தொடங்கியது.

சப்பாத்துத் தோலுக்கு வெளியே நாக்கு. உள்ளே அவருடைய விரல்கள். ஒவ்வொரு இழுப்பும் தெரிந்தது.

மூன்று வருடமாக டாக்டரைத் தவிர வேறு யாரும் அவரைத் தொட்டதில்லை.

வில் மடியில் இருந்தது. விரல் விசையில் இருந்தது. இந்தத் தூரத்தில் அவருடைய பேரன்கூடக் கண்ணை மூடிக்கொண்டு அம்பை விடுவான்.

இன்னும் பன்னிரண்டு விடியல்.

விரலை எடுத்தார்.

உப்பு முடிந்ததும் மான் நாடாவைக் கடித்தது. இழுத்தது. முடிச்சு அவிழ்ந்தது. ஒரு துண்டு அறுந்தும் போயிற்று. பிறகு அவரை மறந்துவிட்டு ஓடைப் பக்கம் நடந்தது.

ஓடைப் பக்கத்தில் அரியரத்தினம்.

அங்கிருந்து வரப்போகும் வில்லின் சத்தத்துக்காக இவர் காத்திருந்தார். கேட்கக் கூடாது என்று காத்திருந்தார். அது கேட்டால் நாளை மூன்றரைக்கு மணி அடிக்காது.

ஒரு காகம் கத்தியது.

வேறொன்றும் கேட்கவில்லை.

காருக்குள் வந்து சேர்ந்ததும் அவர் முழுவதையும் சொன்னார். கொம்பில் இருபது கிளை என்றார். வலது காலை அரை மணித்தியாலம் நக்கியது என்றார்.

"நக்கிப்போட்டுத் தேத்தண்ணி கேக்கேல்லையோ?" என்றார் அரியரத்தினம்.

"நாடாவையும் அவிட்டது, ஐசே. இஞ்ச பாரும்."

"நீர் கட்ட மறந்திருப்பீர். வயசு போட்டுது."

"என்ரை கண்ணாலை கண்டனான்."

"கண்டனீர் எண்டா ஏன் விடேல்லை?"

அவர் கையுறையைக் கழற்றினார். திரும்பவும் மாட்டினார்.

"கை விறைச்சுப்போச்சு."

"ம்."

வயல்கள் போயின. நெடுஞ்சாலை வந்தது. அவருடைய வீட்டு வாசலில் கார் நின்றது. அவர் இறங்கி, பையை எடுத்து, கதவைச் சாத்தப் போனார்.

அரியரத்தினம் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கால் இல்லை. இடது."

"என்னது?"

"நக்கினது. நான் தூரக்கண்ணாடியாலை பாத்துக்கொண்டுதான் இருந்தனான்." ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "பிறகு எனக்குக் கீழை வந்து நிண்டது. உம்மடை நாடாத் துண்டு வாயிலை தொங்கிச்சு."

கியரை மாற்றினார்.

"கனநேரம் நிண்டது, ஐசே."