மூன்று நாள் ஓய்வு

இன்ஸ்பெக்டர் குனிந்து ஜெபசீலனின் ஆடுசதையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

ஜெபசீலன் பல்லைக் கடித்துக்கொண்டான். உயிர் போகிற வலி. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. இந்தக் காலை வைத்துக்கொண்டு ஒன்பது மைலை அறுபத்தைந்து நிமிஷத்தில் கடக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் ஒன்பதாவது மைல்கல். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் உப்பளம்.

பதினைந்து நாளைக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, இந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் யாரோ தந்திக் கம்பியை வெட்டினார்கள். நாற்பத்திரண்டாம் வருஷம், எங்கு பார்த்தாலும் கம்பி வெட்டுகிற காலம். கம்பி ஊமையான நிமிஷத்தைத் தந்தி ஆபீஸில் குறித்து வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து பத்து. வெட்டியவன் உப்பள வரப்பு வழியே தூத்துக்குடியைப் பார்த்து ஓடியதை ஒருவர் தூரத்திலிருந்து கண்டிருந்தார்.

ஆறேகாலுக்கு ஜெபசீலன் தூத்துக்குடியில், கோயில் பாட்டுக்குழுவோடு நின்று பாடிக்கொண்டிருந்தான். இருபது பேர் சாட்சி. வேறு ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஜெபசீலனோ ஜில்லாவிலேயே முதல் ஓட்டக்காரன். ஆசையாக வாங்கி வைத்த வெள்ளிக் கோப்பை இப்போது வினையாக வந்து நின்றது.

பத்து நாள் தவணை கொடுத்து, ஓடிக் காட்டு என்றார்கள். அறுபத்தைந்து நிமிஷத்துக்குள் ஊரைத் தொட்டால் ஏழு வருஷம் ஜெயில். தொடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

மெதுவாக ஓடி ஏமாற்றவும் வழியில்லை. இன்ஸ்பெக்டரும் காலேஜில் ஓடியவர். ஒவ்வொரு மைல்கல்லிலும் ஏட்டு இசக்கியப்பன் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பார். நெஞ்சு நிதானமாக அடித்தால் நடிப்பு. நடிக்கிறவன்தான் வெட்டியவன்.

அதனால் ஜெபசீலன் நடிக்கவில்லை. நிஜமாகவே காலைக் கெடுத்துக்கொண்டான்.

ஒருநாள் ஓடினால் மறுநாள் படுக்க வேண்டும் என்பது எட்டு வருஷமாக அவன் மீறாத சட்டம். காலுக்குப் பலம் ஏறுவது ஓடும்போது இல்லை, படுத்திருக்கும்போதுதான் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தவன். அந்தப் பத்து நாளும் அவன் படுக்கவே இல்லை. காலையும் மாலையும் ஆளரவமில்லாத கடற்கரைக்குப் போய், கணுக்கால் புதைகிற மணலில் விழுந்து எழுந்து ஓடினான். அவன் மனைவி அற்புதமணி நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தபோது காலை இழுத்துக்கொண்டான்.

“ஏளா, தேய்க்காத. வலி ஆறிரும்.”

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

“நொந்த காலை ஓடவிட்டு நான் என்னத்தக் கண்டுபிடிக்க, வாத்தியாரே? மூணு நாளு நம்மகிட்ட நல்லாத் தின்னுட்டுத் தூங்கும். பொறவு ஓடலாம்.”

 அவர் அடித்திருந்தால்கூட ஜெபசீலன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

லாக்கப்பில் அவனை ஒருவரும் தொடவில்லை. வேளைக்கு ஆட்டுக்கால் சூப்பு வந்தது. குடித்து முடிக்கும்வரை இசக்கியப்பன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தூங்கக் கூடாது என்று உறுதியாகத்தான் இருந்தான். பத்து நாள் அலைந்த உடம்பு அவன் பேச்சைக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்ததும் அடித்துப் போட்டதுபோல் தூங்கியது.

மூன்றாம் நாள் காலையில் ஆடுசதையை அவனே அழுத்திப் பார்த்தான். வலி இல்லை.

அப்படிப் போட்டு வதைத்த பிறகு இப்படி ஓய்வு கொடுத்தால் கால் முன்னைவிடப் பலமாகத் திரும்பி வரும் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? 

கம்பி அறுந்த புதன்கிழமை அவன் ஓடவே இல்லை. அது ஓய்வு நாள். அற்புதமணி நாசரேத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, காலை டிரங்குப் பெட்டிமேல் தூக்கி வைத்து, ஆறு மணிவரை நன்றாகத் தூங்கினான். ஓடுகிற நாளாக இருந்திருந்தால் வழியில் பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள். தூங்கினவனுக்கு யார் சாட்சி?

மறுபடியும் அதே கல். இன்ஸ்பெக்டர் விசில் ஊதினார்.

கால்கள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோலத் துள்ளின. அவற்றைப் பிடித்து இழுத்து, பெருநடைக்கு மிஞ்சாமல் ஓடினான். மூச்சுகூட மாறவில்லை. வேகமாகப் போனால் கடிகாரம் காட்டிக்கொடுக்கும், மெதுவாகப் போனால் நெஞ்சு காட்டிக்கொடுக்கும். ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் வாய் முணுமுணுத்தது.

எட்டாவது மைல்கல்லில் இசக்கியப்பன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

“ஐயா, ஒரு மைலுக்கே நெஞ்சு கெடந்து துடிக்கி. இவரு எங்கன ஒம்பது மைல் ஓடியிருக்கப் போறாரு?”

இன்ஸ்பெக்டரும் பின்னால் வந்த காரிலிருந்து இறங்கி வந்து கை வைத்துப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஜெபசீலனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. களைப்பு என்று துளியும் இல்லையே. பிறகுதான் தெரிந்தது. போலீஸ் வந்து கதவைத் தட்டிய நாளிலிருந்து, உட்கார்ந்தாலும் சாப்பிட்டாலும் அந்த நெஞ்சு அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

இன்னும் எட்டு மைல் இருந்தது. இந்தப் பயம் வழியில் எங்கேயாவது தெளிந்துவிடுமோ என்று அவன் பயந்தான்.