ஊதாப் பூவுக்கு அடியில் இரண்டு புள்ளி

கொளஞ்சியம்மாளும் ஆராயியும் பீங்கான் பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பைகளில் வயலெட் பூ வரைவார்கள். அந்தப் பூவை விருத்தாசலத்தில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. மாதிரித் தட்டைப் பார்த்து வரைவதுதான். பூசும்போது சாயம் சாம்பல் நிறமாக இருக்கும், சூளையில் வெந்தால்தான் ஊதாவாகும். யார் வரைந்தது என்று தெரிய, கோப்பையின் அடியில் கொளஞ்சி ஒரு புள்ளி வைப்பாள், ஆராயி இரண்டு.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், ஆராயி காய்ச்சலோடு வந்து லீவு கேட்டாள்.

“ஆர்டர முடிச்சிக் குடுத்துட்டு அப்புறம் போய்ச் சாவு,” என்றார் மேஸ்திரி ராஜமாணிக்கம்.

முடிப்பதற்குள் செத்துப்போனாள்.

அடுத்த சூளையைப் பிரித்தபோது, கொளஞ்சி வரைந்த கோப்பைகள் சிலவற்றின் அடியில் இரண்டு புள்ளி இருந்தது. பூவும் அசல் ஆராயி கைப் பூ. சூளைக்குச் சூளை அது கூடிக்கொண்டே போனது. பங்குனியில் ஒற்றைப் புள்ளிக் கோப்பை ஒன்றுகூட வரவில்லை.

மேஸ்திரி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தார். “உன்னுது ஒண்ணும் காணமே. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்.”

“செத்தவ எப்பிடிங்க வரைவா?”

“வேல நடக்குதுல்ல? பிரஷ்ஷக் கழுவி அவ எடத்துல வெச்சிட்டுப் போ.”

கொளஞ்சி பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து ஆராயியின் பலகைமேல் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பிரஷ் நுனியில் சாம்பல் நிறச் சாயம் ஏறியிருந்தது.

மேஸ்திரி அந்தக் காலியிடத்தைப் பார்த்து அதட்டிக்கொண்டிருந்தார்: “இன்னும் முடியலியா ஒனக்கு?”