இருமல் கணக்கு

மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து வன்னியம்பட்டியில் காசநோய்க்காக வீடு வீடாக இருமல் கணக்கு எடுத்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் கோபம் வராது?

"எங்க வீட்டுல ஒருத்தரும் இருமல. இருமுனா மட்டும் அரசாங்கம் வந்து முதுகு தடவுமாக்கும்" என்றார் மலைச்சாமி. உள்ளே மனைவி கருத்தம்மா சுருண்டு கிடந்தாள்.

நர்ஸ் பரிபூரணம் எழுதிக்கொண்டாள். "சளி சோதிக்க வாரம் ஒருநாள் வண்டி விடப் போறாக ஐயா. ராஜபாளையம் ஆஸ்பத்திரி நோட்டுல எந்த ஊரு பேரு அதிகமோ, அந்த ஊருக்குத்தான் வண்டி. சேத்தூர்ல நாப்பது பேரு. ஒங்க ஊர்ல ஒருத்தருமில்ல."

மலைச்சாமி உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுத்த சோதனைக்குக் கருத்தம்மாவால் பஸ் ஏற முடியாது.

"தாயி, அதுல கருத்தம்மா, சேத்தூருன்னு இருக்கா?"

அவள் தாளைப் புரட்டினாள். "இருக்கு."

"அது எம் பொண்டாட்டி. மக கலியாணத்துக்குப் பயந்து ஊர மாத்திச் சொன்னேன். அங்கதான் நமக்கு ஒட்டு உறவு கிடையாது. வெளிய சொல்லிராதீக."

பரிபூரணம் சிரித்துவிட்டாள். "சொல்ல மாட்டேன். சேத்தூர்ல தேடுனா அந்த நாப்பதுல பாதிப் பேரக் காணோம். ஊர மாத்திச் சொன்னதா ஒத்துக்கிட்டதுல இந்தத் தெருவுல மட்டும் நீங்க ஒம்பதாவது ஆளு!"

மலைச்சாமிக்கு அப்போதுதான் ஒழுங்காக மூச்சு வந்தது.

"பொறவென்ன, நோட்டுல ஊரத் திருத்திட்டு வண்டியக் கொண்டாங்க தாயி! ஒம்பது வீடும் வரிசையில நின்னு துப்புதோம்."