புழு போட்ட வாய்க்கால்

முதலாளிக்குக் கண் போய்விட்டது என்றே சொலாஞ்ச் முடிவு கட்டிவிட்டாள்.

இல்லாவிட்டால், பாரிஸ் பழைய சாமான் சந்தையிலேயே மரத்தை மோந்து பார்த்து வயசு சொல்கிற முதலாளி வரோடோ, இந்தப் போலி நாற்காலிக்கு அசல் விலை கொடுப்பாரா?

கொண்டுவந்தது பெராஷோன் அம்மாள். புருஷன் போய் ஆறு மாதம்தான் ஆகிறது.

"பதினைந்தாம் லூயி ராஜா காலத்து நாற்காலின்னு ஆசையா வாங்கிட்டு வந்தாருங்க. இப்ப நான் மக வீட்டோட போறேன், அங்க வைக்க இடமில்ல."

வரோடோ நாற்காலியைக் கவிழ்த்து, அடிச்சட்டத்தை விரலால் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"அசல்தாம்மா. உங்க வீட்டுக்காரருக்கு நல்ல கண்ணு."

செக்கை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் முகம் மலரப் போனாள். கதவு சாத்தியதும் சொலாஞ்ச் வந்து நின்றாள். அந்தக் கடையில் உடைந்ததை எல்லாம் பழுது பார்க்கிறவள் அவள்தான்.

"முதலாளி, புழு மரத்துக்குள்ளயேதான் தின்னுக்கிட்டுப் போகும், வெளியில சின்ன ஓட்டை மட்டும்தான் தெரியும். இங்க பாருங்க, மேலாக்க வாய்க்கால் மாதிரி ஓடுது. புழு தின்ன பழைய உத்தரத்தை அப்புறமா அறுத்துச் செஞ்சிருக்கான்."

"தெரியுது."

"அடியில இருக்கிற ஆசாரி முத்திரையும் பொய்."

"அதுவும் தெரியுது."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண் நன்றாகத்தானே இருக்கிறது?

"அப்ப யார் தலையில கட்டப் போறீங்க? பதினோரு வருஷமா உங்க பேரை நம்பி இருக்கேன். இது விற்பனைக்கு நின்னா நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன்."

வரோடோ ரம்பத்தை எடுத்தார். நாற்காலியின் ஒரு காலை அறுத்து அடுப்பில் போட்டார்.

"நாலாயிரம் யூரோவுக்கு விறகா, முதலாளி? போலின்னு சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாமே?"

"சொன்னா, செத்த மனுஷன் ஏமாளி ஆயிடுவான். அந்த அம்மா மீதி நாளெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டு இருக்கும்."

சொலாஞ்ச் குனிந்து நாற்காலியை அவருக்குப் பிடித்துக்கொடுத்தாள். இவரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

"உங்க மனசு யாருக்கு வரும், முதலாளி."

வரோடோ அடுத்த காலில் ரம்பத்தை வைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இருபத்தாறு வயசுல அந்த உத்தரத்தை அறுத்து இதைச் செஞ்சவனே நான்தான்."