செத்த வண்டுக்கு இருபது நிமிஷம்

“செத்த வண்டுக்கு வைத்தியமா பாக்குறீங்க, மேடம்?”

வியாபாரி கேட்டது நியாயமாகத்தான் பட்டது. மேசைமேல் மூடி போட்ட கண்ணாடித் தட்டு. அதற்குள் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வண்டு ஒன்று, காலை மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. அதற்கு நேர் மேலே விளக்கைப் போட்டுவிட்டு, சோதனை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெளியே லாரியில் எண்ணூறு பெட்டி வெளிநாட்டுக் குடைமிளகாய். மாதிரிக்குப் பிரித்தது பதினாறு பெட்டி. கிடைத்தது இந்த ஒரு வண்டு.

“செத்ததா இருந்தா சரக்கு உள்ள போகும். உயிரோட இருந்தா திரும்பிப் போகும்,” என்றார் அதிகாரி. “குளிர் வண்டியில வந்த பூச்சி, செத்த மாதிரிதான் கிடக்கும். இருபது நிமிஷம் சூட்டுல வெச்சுப் பாக்கணும். அதான் விதி.”

“அதான் குச்சியால குத்திப் பாத்தீங்களே. அசையலையே.”

“இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு.”

வியாபாரி நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். சும்மா இல்லை இந்தப் பதற்றம். ஒரே வருஷத்தில் மூன்று தடவை சரக்கு திரும்பினால் இறக்குமதி லைசென்ஸ் ரத்து. அவருக்கு இரண்டு முடிந்துவிட்டது. லைசென்ஸ் போனால் கடையும் போச்சு. இதை விட்டால் அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

லாரியை ஓட்டி வந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. அவன் கதவோரம் நின்றிருந்தான்.

“சரி மேடம், உயிரோடவே இருக்குன்னு வெச்சுக்குவோம். ஒத்த வண்டு ஊரையே தின்னுடுமா?”

“தின்னாது. மொட்டுலயும் பிஞ்சுலயும் முட்டை வெக்கும். அத்தனையும் உதிர்ந்துடும். இந்த வண்டு நம்ம பக்கம் இன்னும் வரல. வந்துட்டா அப்புறம் துரத்த முடியாது.”

கதவோரம் நின்றவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். “மருந்து அடிச்சா, மேடம்?”

“காய்க்குள்ள உக்காந்திருக்கறதுமேல மருந்து எப்படிப் படும்?”

“எங்க தெருவுல முக்காவாசிப் பேரு குடைமிளகாய்தான் போட்டிருக்காங்க.”

“லாரி ஓட்டுறவனுக்கு எதுக்குடா தோட்டத்துக் கவலை?” என்றார் வியாபாரி. “நம்ம கவலையே தலைக்கு மேல கிடக்கு.”

அதிகாரி எழுந்தார். “அதுக்குள்ள லாரி சீல் நம்பரைச் சரிபார்த்துடலாம். நீங்க கூட இருந்து கையெழுத்துப் போடணும், வாங்க.” பிறகு டிரைவரைப் பார்த்து, “மூடியைத் திறந்துடாதீங்க தம்பி. பறந்துடுச்சுன்னா வம்பு,” என்றார்.

“செத்தது எங்க மேடம் பறக்கும்?” என்றார் வியாபாரி.

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தார். வியாபாரி பின்னாலேயே போனார்.

அவர்கள் திரும்பி வந்தபோது கடிகாரத்தில் இருபது நிமிஷம் தாண்டியிருந்தது.

வண்டு நடந்துகொண்டிருந்தது. வாடகைக்கு வீடு பார்க்க வந்த ஆள் மாதிரி, அவசரமே இல்லாமல், தட்டை ஓரம் ஓரமாகச் சுற்றி வந்தது.

அதிகாரி லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். “திருப்பி அனுப்பணும்.”

வியாபாரி மச்சானை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு திட்டெல்லாம் அதிகாரிக்குத்தான்.

“தூங்குறவனை எழுப்பி உக்கார வெச்சு, திருடன்னு பிடிக்கிறீங்களே. விளக்கைப் போடலைன்னா அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?”

அதிகாரி எழுதி முடித்து, ஒரு பிரதியைக் கிழித்து அவர் பக்கம் நகர்த்தினார். அடுத்த லாரியின் மாதிரிப் பெட்டியை மேசைக்கு இழுத்தார்.

வெளியே வரிசையில் நின்ற டிரைவர்கள் கூடிவிட்டார்கள். வியாபாரி எல்லோரிடமும் பேப்பரைக் காட்டினார்.

“அந்தம்மா அப்படித்தான்,” என்றார் ஒருவர். “நெஞ்சுல ஈரமே கிடையாது.”

“வீட்டுல புருஷனையும் விளக்கடியில வெச்சுத்தான் பாக்குமோ என்னமோ,” என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே நிச்சயம் கேட்டிருக்கும்.

“நேர்மையா தொழில் பண்றவனுக்கு இங்க வழியே இல்லப்பா,” என்றார் வியாபாரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலதிகாரியைப் பார்க்க மாடிக்குப் போனார். மச்சானை அவர் கூப்பிடவில்லை.

அவன் லாரியில் ஏறி உட்கார்ந்தான். போன் அடித்தது. அக்கா.

“என்னடா ஆச்சு? உங்க அத்தான் போனையே எடுக்க மாட்டேங்கிறாரு.”

“வண்டு நடந்துடுச்சுக்கா. சரக்கு திரும்புது.”

“அப்ப லைசென்ஸ்?”

“போச்சு.”

“ஒரு பூச்சிக்காக ஒரு குடும்பத்தையே தெருவுல நிறுத்திட்டாளே. அந்தப் பொம்பளை நல்லா இருப்பாளா?”

“அவங்களைத் திட்டாதக்கா. அவங்க கூட வெளிய போறப்ப, அத்தான் என் காதுல ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு.”

“என்ன சொன்னாரு?”

“மூடியைத் திறந்து, நகத்தால ஒரு அமுக்கு அமுக்கிடுடான்னாரு. நான் அமுக்கல.”