இன்னும் இரண்டு நாள்

விமான நிலையக் கவுண்டரின் வெள்ளை வெளிச்சத்தில் தடுப்பூசி அட்டையை ஊழியர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "ஊசி போட்டுப் பத்து நாள் ஆகணும்மா. உங்களுக்கு எட்டுதான் ஆகுது. நீங்க போற நாட்டுல உள்ள விடமாட்டாங்க." எதிரே நிற்கும் தையல்காரம்மாவின் விரல்கள் பெட்டியின் கைப்பிடியை இறுக்குகின்றன. "ஊசி மருந்து வரலைன்னு ஆஸ்பத்திரியில மூணு வாரம் அலைய விட்டது யாரு? அங்க என் மகளுக்கு நாளைக்கு ஆபரேஷன். அதையும் ரெண்டு நாள் தள்ளிவைக்கச் சொல்லட்டுமா?" "விதி அப்படிம்மா," என்று அவர் அட்டையைக் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் அவளிடம் திருப்பித் தள்ளுகிறார். வரிசையில் யாரோ உச்சுக்கொட்டுகிறார்கள். அவள் திரும்பி முறைத்ததும் அந்தச் சத்தம் அடங்குகிறது. அப்போது அவளுடைய கைபேசி அதிர்கிறது. திரையில் மகளின் முகம். எடுக்காமல், அதை அப்படியே கண்ணாடிக்கு அடியில் திணிக்கிறாள். "அம்மா வரமாட்டான்னு நீயே அவகிட்ட சொல்லு." ஊழியரின் கை மேசையைவிட்டு எழவில்லை. கைபேசி அதிர்ந்துகொண்டே இருக்கிறது.