குறட்டை நின்ற இடம்

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மனைவி மயிலாத்தாள் நேற்றிரவு பதிந்த தன் குறட்டையைக் கிட்டுச்சாமி போனைக் காதோடு வைத்துக் கேட்கிறார். எல்லை தாண்டி வந்த இந்த ஆஸ்பத்திரியில் மலையாளத்தில் எழுதிக் கொடுத்த, அவர் மடியிலிருக்கும் சீட்டின்மேல் வெயில் விழுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவளை ஓரக்கண்ணால் பார்க்கிறார். "இது நானில்ல. நம்மூட்டு எருமை கத்தறதப் புடிச்சுட்டு வந்து நாந்தாங்கறயா?" "முச்சூடும் கேளுங்க" என்று அவள் சேலைத் தலைப்பில் நூலைப் பிரிக்கிறாள். குறட்டை சட்டென்று நிற்கிறது. "பாத்தயா, அமத்திப்போட்டே!" என்று போனை முகத்துக்கு நேரே பிடிக்கிறார். அமர்த்தவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மூச்சுச் சத்தம்தான் இல்லை. பதினெட்டு. பத்தொன்பது. அவர் பெருவிரல் திரைமேல் அசையாமல் நிற்கிறது. பிறகு போனுக்குள் வளையல்கள் குலுங்குகின்றன, அவள் குரல் உடைகிறது: "ஏனுங்க... ஏனுங்க, மூச்சு உடுங்க!"